ஓநாய் மூஞ்சி சில்வர்

கேள்வி: ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் தெசுகாவின் 1947 காமிக்ஸான 'புதிய புதையல் தீவு'தான் 1965இல் ஜப்பானில் டிவி கார்ட்டூனாக வந்தது என்கிறார் என் நண்பர். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' மூல நாவலில் மனிதர்கள். கார்ட்டூனில் எல்லாம் மிருகங்கள். ஒரு கிளாசிக்கை இப்படிச் சிதைக்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார். ஜப்பானிய மொழியில் 'தகராஜிமா' என்றால் புதையல் தீவு. தகராறே அந்தப் பெயரில்தான். சகாய் ஷிச்சிமா கதையமைக்க, ஒசாமு தெசுகா வரைந்த 1947 காமிக்ஸில் பீட் என்ற பையன் காரில் துறைமுகத்துக்குப் பாய்ந்து வருவான். அது தனிக் கதை. 1965 ஜனவரி 3 அன்று ஃபுஜி டிவியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியதும் 'ஷின் தகராஜிமா'தான் ('ஷின்' என்றால் புதிய). தெசுகாவின் கார்ட்டூன் நிறுவனமான முஷி புரொடக்‌ஷன் எடுத்ததுதான். ஆனால் அதன் மூலம் ஸ்டீவன்சனின் 1883 நாவல். ஒரே பெயரில் இரண்டு சரக்கு.

சரி, மிருகங்களுக்கு வருவோம். கதையின் நாயகப் பையன் ஜிம் முயல், ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் சில்வர் ஓநாய். மிருகம் பேசினாலே கிளாசிக் கெட்டுவிடும் என்றால் பஞ்சதந்திரத்தையும் பரணில் போட வேண்டியதுதான். என் வருத்தம் வேறு.

நாவலில் சில்வரை ஸ்டீவன்சன் எப்படி உள்ளே கொண்டுவருகிறார் என்று பாருங்கள். ஒற்றைக்கால் மாலுமி எவனாவது வருகிறானா என்று பார்த்துச் சொல்ல, கிழட்டுக் கடற்கொள்ளையன் ஜிம்முக்கு மாதம் நாலு பென்னி தருகிறான். பையனுக்குத் தூக்கத்திலும் ஒற்றைக்கால்தான். அப்புறம் பிரிஸ்டல் துறைமுகத்தில் சில்வரைப் பார்க்கிறான்: சுத்தபத்தமாக, சிரித்த முகமாக ஒரு சாராயக்கடை முதலாளி! இவர் கொள்ளைக்காரராக இருக்கவே முடியாது என்று அவனே முடிவு கட்டிவிடுகிறான். 11ஆம் அத்தியாயத்தில் அதே மனிதர் கப்பலில் சதி பேசுவதை, ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்தபடி கேட்கும்போதுதான் ஜிம்முக்கு உடம்பு சில்லிட்டுப்போகிறது. நமக்கும்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணி அடிக்காமலே யானை வந்து நின்றதுதான் ஸ்டீவன்சனின் கெட்டிக்காரத்தனம். டிவியிலோ ஓநாய் மூஞ்சியைப் பார்த்தவுடனே, மழலை மாறாத குழந்தைகூட 'முயலே, ஓடு!' என்று கத்திவிடும். பீப்பாய்க்கு என்ன வேலை?

அதற்காக தெசுகாவைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். 1963இல்தான் அவருடைய 'அஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் வாரத் தொடராக ஓட ஆரம்பித்திருந்தது. இரண்டே வருஷத்தில் ஒரு முழு நாவலை ஒரே மூச்சில் டிவியில் சொல்லிப் பார்த்ததே பெரிய துணிச்சல். மூஞ்சியைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிய வேண்டும், கதை நகர வேண்டும். அவசரத்துக்கு மிருகம் கைகொடுக்கும்.

நிதானமாகச் சொன்ன சில்வர் வேண்டுமென்றால் 1978இல் தொடங்கிய 26 வாரத் 'தகராஜிமா'வைப் பாருங்கள். இயக்குநர் ஒசாமு டெசாகி, அதே முஷியில் தொழில் பழகியவர். ஓடுகிற காட்சியைச் சட்டென நிறுத்தி, அந்த ஒரு கணத்தை ஓவியமாகத் தீட்டிக் காட்டுவார். சில்வரை வெறுக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல் ஜிம்மோடு சேர்ந்து நாமும் தவிப்போம். அதில் ஜிம்முக்குச் செல்லமாக ஒரு சிறுத்தைக்குட்டி உண்டு. ஸ்டீவன்சன் எழுதாத குட்டி. அதைச் சிதைவு என்று சொல்லி இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.