கல் கேள்விகள்: ஊட்டியில் வாங்கிய நீல அகேட்

கேள்வி: ஊட்டியில் சாலையோரக் கடையில் நீலமும் வெள்ளையுமாக வரி ஓடிய கல் துண்டு ஒன்று வாங்கினேன் (படம் இணைத்துள்ளேன்). “நீலகிரியிலேயே தோண்டியது” என்றார் கடைக்காரர். உண்மையா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: படத்தைப் பார்த்தால் அகேட்தான் அம்மா. ஆனால் நம் மலைக் கல் இல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் நம் காலடியில் இருப்பது சார்னோகைட். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் இறுகிய பாறை. அதில் குமிழிக்கு ஏது இடம்? அகேட் உருவாகப் பெரும்பாலும் குமிழி வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தபோது, உள்ளே சிக்கிய வாயு வெற்றிடங்களை விட்டுச் சென்றது. சிலிக்கா கரைந்த நீர் அவற்றில் கசிந்து, போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உப்பு படிகிற மாதிரி, சுவரிலிருந்து நடுவை நோக்கிப் படிந்தது. அந்தப் படிவுகள்தான் வரிகள். நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே குவார்ட்ஸ் படிகங்கள் மினுங்கும்.

இரும்பு கலந்தால் சிவப்பு, பழுப்பு, மஞ்சள். குஜராத்தின் ரத்தன்பூர் கற்களைச் சூடேற்றிச் சிவக்க வைப்பது பழைய தொழில்; அப்படிச் சிவந்ததுதான் சூதுபவளம். இயற்கை நீலமும் உண்டு, ஆனால் அது வெளிறியது. உங்கள் துண்டின் பளீர் நீலம் சாயம். அகேட்டில் நுண்துளைகள் இருப்பதால் சாயம் இறங்கும். கெட்டியான வரி உறிஞ்சாது, வெள்ளையாகவே நின்றுவிடும். விரிசல் ஓரம் நீலம் திரண்டு கறுத்திருக்கிறதே, படத்திலேயே தெரிகிறது.

அதற்காக அகேட் நமக்கு அந்நியம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியின் பழங்காலக் கல்குவியல் ஈமச்சின்னங்களில் அகேட், சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. கீழே நொய்யல் கரையில், கொடுமணலில், செய்து முடிக்காத மணிகளே கிடைத்தன! அங்கே பட்டறை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு எந்த நீலத் துண்டையும்விட அந்த அரைகுறை மணிகள்தான் பெரிது.

கேள்வி: என் மகன் கல் சேர்க்கிறான். அகேட்டில் எதை வாங்கித் தரலாம்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: சாயமேறாத சாம்பல், பழுப்புத் துண்டு. மெல்லிய துண்டாகப் பார்த்து, பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிந்த இடத்தில் மயிரிழை வரிகள் எழுந்து வரும். அப்புறம், உத்தரப் பிரதேசத்துக் கேன் ஆற்றுக் கல் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே செடி முளைத்தது போலிருக்கும்; செடியல்ல, மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள். வாங்கும்போதே எந்த ஊர்க் கல் என்று கேட்டுச் சீட்டில் எழுதி கல்லோடு வையுங்கள். ஊர் தெரியாத கற்களை நான் தனிப் பெட்டியில்தான் வைக்கிறேன்.