ஆட்டிசம் உள்ள மகனின் லிஃப்ட் பைத்தியத்தை மறக்கடிப்பது எப்படி?

"ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். எந்நேரமும் லிஃப்ட், மோட்டார் என்றே பேசுகிறான். எப்படி மறக்கடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து மறக்கடிக்காதீர்கள். விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவே அவன் மோட்டார் புராணம் பாடி, உங்களுக்குச் சங்கடமாகப் போயிருக்கும். என் அம்மாவும் அந்தச் சங்கடத்தைப் பட்டவர்தான். எனக்கும் ஆட்டிசம், வளர்ந்து ஆளான பிறகே மருத்துவர் சொல்லித் தெரிந்தது. பினாங்கில் லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, "இந்தக் கிறுக்கை விட்டால்தான் பையன் தேறுவான்" என்று ஓர் ஆசிரியர் சொல்ல, அப்பா என் திருப்புளியையும் பழைய ரேடியோவையும் அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். பிடிவாதம் என்றார்கள். எனக்குப் பேச வேறெதுவும் இல்லை என்பது யாருக்கும் புரியவில்லை.

மாமாதான் பினாங்கில் உள்ள கொடிமலைக்கு அழைத்துப் போனார். 1923-இல் ஓடத் தொடங்கிய, கம்பிவடம் இழுக்கும் மலை ரயில். 2011-இல் புதிய ரயில் வரும்வரை பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அங்கே காத்திருந்தபோது தண்டவாளத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கண்ணில் படுவதற்கு முன்பே கம்பிவடம் அசைந்தது. கிரீஸ் மின்ன, உருளைகள்மேல் சரசரவென்று ஓடியது. "ஒன்று இறங்குகிற கனத்தில்தான்டா இன்னொன்று ஏறுகிறது" என்றார் மாமா. அன்றிரவு அம்மா வெங்காயம் உரிக்க உரிக்க, நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் சுளிக்காமல் கேட்டார். மறுநாள் திருப்புளி கீழே இறங்கியது.

லிஃப்ட்டும் அதே கணக்குத்தான். கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து மறுபக்கம் எதிர்எடை தொங்கும். அதனால் ஆளில்லாத லிஃப்ட் கீழே இறங்கும்போதும் மோட்டார் சிரமப்பட்டு இழுக்க வேண்டும். உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஆட்டிசம் உள்ள எல்லாரும் இயந்திர மேதைகள் என்று நான் சொல்லவில்லை. பேச்சே வராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. சாப்பாடு, தூக்கம் கெட்டால் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள், அதில் தவறில்லை. ஆனால் தண்டனையாக மட்டும் அவனுடைய ஈடுபாட்டைப் பிடுங்காதீர்கள். ஒரே பொருளில் மிகையான ஈடுபாடு என்பதை மருத்துவர்களே ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள். அதைப் பிடுங்கினால் ஆட்டிசம் போய்விடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை இருக்கிறது. பஸ்ஸில் கூட்டமும் இரைச்சலும் தாங்காமல் அதற்குரிய இருக்கையில் உட்கார்ந்தால், "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் எழுப்பிவிடுகிறார். அட்டையைக் காட்டினாலும் நம்புவதில்லை. உங்கள் மகனுக்கும் நாளை இது நடக்கும். அப்போது விட்டுக்கொடுக்காமல் அவன் பக்கம் நில்லுங்கள்.

அவன் கேட்கும் கேள்விகளில் உங்களுக்கு விடை தெரியாதவற்றை இங்கே எழுதுங்கள். லிஃப்ட் பற்றியது என்றால் நான் கட்டாயம் பதில் எழுதுவேன்.