ஹட்டன் பக்கம் எங்கள் இளைஞர் மன்றம் மருத்துவ முகாம் நடத்துகிறது. அதோடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துறை வேலைகளையும் அறிமுகப்படுத்த என்ன செய்யலாம்?

முதலில் எந்த வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடுவது என்று முடிவெடுங்கள். உயர்தரம் படிப்பவர்களைக் கூப்பிட்டால் பலருக்குக் காலம் கடந்திருக்கும். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவுதான் இருக்கிறது என்று அதில் சேர்ந்துவிட்ட பிள்ளையிடம் போய் இதைச் சொன்னால் அவள் மனசு நொந்துபோகும். ஆகவே ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள்தான். அவர்களோடு தாய் தகப்பனும் வரவேண்டும்.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்து தாதியானவள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை இரண்டுதான்: டொக்டர், நர்ஸ். இரத்தம் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளர், விழுந்த ஆளை மறுபடி நடக்கவைக்கும் இயன்மருத்துவர், இவர்களெல்லாம் படித்துத்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. இந்த நாலுக்கும் தாதியத்துக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. நுவரெலியா, பதுளை இரண்டும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்கென்று ஒதுக்கிய 5 சதவீதத்திலும் பங்குண்டு. ஆனால் அந்த ஒதுக்கீடு தோட்டம், டவுன் என்று பிரித்துப் பார்க்காது. டியூஷன் வசதியுள்ள டவுன் பிள்ளையோடுதான் நம் பிள்ளை போட்டி போடவேண்டும். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேடை போட்டுப் பேசுவதைக் குறைத்து, முகாமிலேயே பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். உயரம், நிறை பார்க்கும் மேசையில் இரண்டு பேர், பிரஷர் மேசையில் இரண்டு பேர் என்று நிறுத்துங்கள். ஒரு முகாமில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து, அவளுடைய அம்மாயியின் கையில் பட்டியைக் கட்டச் சொன்னேன். காற்றை மெல்ல இறக்கினாள். "கேக்குது மிஸ், கேக்குது" என்றாள். கொஞ்சத்தில், "நின்னுருச்சு மிஸ்" என்று பயந்துபோய் அம்மாயியின் முகத்தைப் பார்த்தாள். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்று காட்டிக்கொடுத்தேன். பின்னேரம் வரை அவள் அந்த மேசையை விட்டு அசையவில்லை. ஆனால் வைத்தியர் நோய் விசாரிக்கும் இடத்தில் மட்டும் அதே தோட்டத்துப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். ஒருவரின் வருத்தம் லயம் முழுக்கப் பரவினால் அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள்.

நாள் ஞாயிறாக இருக்கட்டும். வேலை நாளில் வைத்தால் அம்மாமாருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், வரமாட்டார்கள். வந்தவர்களிடம் பணக் கணக்கைத்தான் முதலில் பேசவேண்டும். "மூணு வருசம் படிக்க வைக்கக் காசு எங்க மகள்?" என்று ஒரு அப்பா கேட்டால், அரசாங்கத் தாதியர் பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் கொடுப்பனவு கிடைக்கும் என்று அங்கேயே பதில் சொல்லுங்கள். டவுனில் காசு வாங்கிக்கொண்டு "நர்சிங் கோர்ஸ்" நடத்தும் இடங்களைப் பற்றியும் எச்சரியுங்கள். அந்தச் சான்றிதழை வைத்துத் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கட்டக்கூடாது.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் இருக்கிறது. கிளினிக்குக்கு வரும் அம்மாமார் சிங்களம் தெரியாததால் பாடசாலை போகும் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். தாயின் கர்ப்பப்பை வருத்தத்தை டொக்டரிடம் எடுத்துச்சொல்ல வெட்கப்பட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் தலைகுனிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் பாதியை விழுங்கிவிடுவாள். அந்தக் கிளினிக்கில் நம் பிள்ளை ஒருத்தி வேலை செய்தால் அந்தத் தாய் முழுவதையும் சொல்லுவாள்.

முகாம் முடிந்தபின் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் வைத்திய அத்தியட்சகரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, ஒரு சின்னக் குழுவை ஆய்வுகூடத்துக்கும் மருந்தகத்துக்கும் அழைத்துப் போங்கள். மன்றத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை தோறும் அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைப் பார்க்கும் பொறுப்பை எடுக்கட்டும். ஆள் சேர்க்கும் அறிவித்தல் வந்தால் உடனே அந்தந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பப் பக்கத்தில் உட்காருங்கள். லயத்தில் விலாசம் சரியாக இல்லாமல் நேர்முகத் தேர்வுக் கடிதம் தவறிப்போவதுண்டு, அதனால் விண்ணப்பத்தில் கடிதம் கட்டாயம் கைக்கு வந்துசேரும் விலாசமாகப் போடுங்கள்.