இடி விழுந்தது பக்கத்துத் தென்னையில், எரிந்தது எங்கள் வீட்டு டிவி!

கேள்வி: அரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தென்னையில் இடி விழுந்தது. மரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் முப்பது அடி இருக்கும். சுவிட்சுகளை எல்லாம் அணைத்துத்தான் வைத்திருந்தோம். ஆனாலும் டிவி, வைஃபை மோடம், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் போய்விட்டன. மாடியில் ஒரு நவீன இடிதாங்கி வைத்தால் சுற்றி நூறு மீட்டருக்குப் பயமில்லை என்கிறார் ஒரு கடைக்காரர். வாங்கலாமா? மாமனார் ஆடு மேய்க்கிறார். மழை வந்தால் புளியமரத்தடியில் ஒதுங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. எட்டு வயது மகளோ வானம் இருட்டினாலே அழ ஆரம்பித்துவிடுகிறாள்.

பதில்: இடிதாங்கிப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். இடி விழுந்தது தென்னையில், எரிந்தது உங்கள் டிவி. கிராமத்து வீடுகளில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கூரையைப் பிளந்துகொண்டு மின்னல் இறங்குவது அபூர்வம். கம்பி வழியாகவும் தரை வழியாகவும் பக்கவாட்டில் வருவதுதான் அதிகம். அதனால் மாடியை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் கம்பியையும் தரையையும் பாருங்கள்.

ஒரு சராசரி மின்னலில் பாயும் மின்சாரம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் வீட்டு மெயினில் ஓடுவது பத்து, இருபதுதான். அவ்வளவும் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரத்துக்குள் மரத்தில் இறங்கும்போது, பக்கத்தில் நீளமாகப் போகிற எந்தக் கம்பியிலும், அது கரண்ட் லைனோ, டிஷ் கேபிளோ, மோட்டாருக்குப் போகிற ஒயரோ, தொடாமலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிவிடும். சுவிட்சை அணைத்தால் உள்ளே பிரிவது சில மில்லிமீட்டர். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு அது ஒரு தடையா? தவிர, சாதாரண சுவிட்ச் மின்சாரம் வருகிற ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி சேர்ந்தேதான் இருக்கும். டிவிக்குப் பின்னால் டிஷ் கேபிளும் செருகியபடியே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிளக்கையே பிடுங்க வேண்டும், கேபிளையும் கழற்ற வேண்டும். அதையும் மேகம் திரளும்போதே செய்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப்போய்க் கம்பியில் கை வைக்காதீர்கள். டிவி போனால் போகட்டும்.

அடுத்தது எர்த், அதாவது வேண்டாத மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடும் கம்பியும் குழாயும். உங்களைப் போலவே பொருள்களைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எர்த் எங்கே என்று கேட்டால், “அதெல்லாம் போட்டிருக்கோம் சார்” என்று கொல்லைப்புறம் கூட்டிப்போனார்கள். குழாயின் தலை தெரிந்தது. அதிலிருந்து சுவரேறிய ஜிஐ கம்பி முழங்கால் உயரத்தில் துருவேறி அற்றுப்போயிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த மேல்பாதியில் குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டு மூடியதோடு சரி, அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீர்கூட அந்தக் குழி பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இன்றே போய்ப் பாருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண்தான் வரும். கோடையில், தரை காய்ந்து கிடக்கும்போது அளந்து, எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

எர்த் சரியான பிறகு மெயின் போர்டில் ‘எஸ்பிடி’ என்கிற சர்ஜ் தடுப்பான் போடுங்கள். கம்பியில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. அதிகச் சுமைக்கும் மின்கசிவுக்கும் தானே அணைகிற எம்சிபி, ஆர்சிசிபி சுவிட்சுகள் இருக்கிறதே என்பார்கள். அவை விழித்துக்கொள்வதற்குள் மின்னல் வந்து போயிருக்கும். வீட்டுக்கு, கம்பி வழியாக வருவதைச் சமாளிக்கிற டைப் 2 ரகம் போதும். இடிதாங்கியும் வைப்பதாக இருந்தால், நேரடி மின்னலின் பங்கையும் தாங்குகிற டைப் 1, அதோடு டைப் 2 இரண்டும் சேர்ந்ததாக வாங்க வேண்டும். இதில் பலர் கோட்டைவிடுவது ஒயர் நீளத்தில். தடுப்பானுக்கு வந்து போகும் இணைப்பு ஒயர் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அழகாகச் சுற்றி வளைத்துக் கட்டிவிட்டால் பாதிப் பயன் போய்விடும். பல மாடல்களில் சின்ன ஜன்னல் ஒன்று பச்சையாக இருக்கும். சிவப்பானால் அது உங்களுக்காக அடி வாங்கிச் செத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். மோட்டார் கொட்டகை தள்ளி இருந்தால் அங்கேயும் ஒன்று வேண்டும்.

இப்போது இடிதாங்கி. கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். மின்னல் பாதுகாப்புக்கு இந்தியாவில் பின்பற்றும் தரநிலை ஐஎஸ்/ஐஇசி 62305. ஒரே கம்பியால் நூறு மீட்டருக்குக் குடை பிடிக்கும் கணக்கு அதில் இல்லை. இடிதாங்கி மின்னலைத் தடுப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. வீட்டின்மேல் விழ வருவதைத் தான் வாங்கி, நல்ல பாதையில் தரைக்கு அனுப்பும், அவ்வளவுதான். அதனால் மேலே நிற்கிற கம்பியைவிடக் கீழே இறங்குகிற பட்டையும் எர்த்தும் முக்கியம். இறங்கு பட்டை குறைந்தது இரண்டு வேண்டும். இடிதாங்கிக்கு ஒரு எர்த், வீட்டுக்கு ஒரு எர்த் என்று போட்டு, இரண்டும் தொடவே கூடாது என்பார் எலக்ட்ரீஷியன். தவறு. இரண்டையும் தரைமட்டத்தில் இணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மின்னல் இறங்கும் நொடியில் ஒன்றின் மின்னழுத்தம் எகிறும், மற்றது அப்படியே இருக்கும். அந்த வித்தியாசம் உங்கள் வீட்டு ஒயரிங் வழியாகத்தான் தாவும். தனித்து மேட்டில் நிற்கும் வீடு, மாடிமேல் மாடி என்றால் இடிதாங்கி வைக்கச் சொல்வேன். உங்களுக்கு எர்த்தும் எஸ்பிடியும்தான் முதல் செலவு. அப்புறம், செல்போன் டவர் இடியை ஊருக்கு இழுத்து வருகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது உயரமாக நிற்பதால் தன் பக்கத்தில் இறங்குவதை வாங்கிக்கொள்ளும், எங்கோ போகிற மேகத்தைக் கூப்பிடாது.

பொருள் விஷயம் இத்தோடு போதும். எனக்கு உண்மையில் கவலை உங்கள் மாமனாரைப் பற்றித்தான். 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. புளியமரத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு விதமாக ஆளைத் தேடி வரும். ஈரமரத்தைவிட மனித உடம்பு மின்சாரத்துக்கு நல்ல வழி என்பதால் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும். அப்படித் தாவாவிட்டாலும், வேரடியிலிருந்து தரையில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். கால்கள் அகன்றிருந்தால் ஆபத்து அதிகம். ஆட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே இதயம் இருக்கிறது. மந்தை மந்தையாகச் சாவதற்கு அதுதான் காரணம். 2016 ஆகஸ்டில் நார்வே மலைச் சமவெளியில் ஒரே மின்னல் புயலில் 323 கலைமான்கள் இப்படித்தான் விழுந்து கிடந்தன.

மழைக்கு ஒதுங்குவது வேறு, இடிக்கு ஒதுங்குவது வேறு. நனைவதால் யாரும் செத்துவிடப் போவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், கண்ணாடி ஏற்றிய கார் அல்லது பஸ், இவைதான் சரியான இடம். காரில் காப்பாற்றுவது இரும்புக் கூடு, டயர் இல்லை. ஓலைக்கொட்டகை, நான்கு தூணில் நிற்கும் தகரக்கூரை, கூண்டில்லாத டிராக்டர் எதுவும் உதவாது. எதுவுமே கிடைக்காத பொட்டலில் மாட்டிக்கொண்டால் மேட்டை விட்டு இறங்கி, மரத்துக்கும் கம்பிவேலிக்கும் விலகி, ஆடுகளையும் சேர்த்துப் பிடிக்காமல் சிதற விட்டு, வீட்டைப் பார்த்து நடையைக் கட்டட்டும். குந்தி உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்பதை நம்பி அங்கேயே இருக்க வேண்டாம்.

யாராவது அடிபட்டு விழுந்தால் தொடப் பயப்படாதீர்கள், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லாவிட்டால் உடனே 108க்குச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சை வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். பல பேர் விழுந்திருந்தால் முனகுபவரை விட்டுவிட்டுப் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும். மின்னல் அடியில் அப்படிக் கிடப்பவர்கள் பிழைப்பதுண்டு.

வீட்டுக்குள் அந்த நேரத்தில் குளியல், பாத்திரம் துலக்குவது, சுவரில் சாய்வது வேண்டாம். செல்போனில் பேசலாம், சார்ஜரில் போட்டபடி வேண்டாம். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ‘தாமினி’ செயலி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் சொல்லும். அதை மாமனார் போனில் ஏற்றிவிடுங்கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்பார்கள் நம் வீடுகளில். நிதானமாகச் சொன்னால் ஓர் அர்ஜுனாவுக்கு ஏறக்குறைய ஒரு நொடி. மின்னல் கண்ணில் பட்டதும் அவள் சொல்ல ஆரம்பிக்கட்டும், இடி கேட்டதும் நிறுத்தட்டும். மூன்று அர்ஜுனாவுக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை முப்பதைத் தொடவில்லை என்றால் எல்லாரும் வீட்டுக்குள் வர வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். அதற்குக் கடிகாரம் பார்க்கும் பொறுப்பும் அவளுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் சொல்லிக் கேட்காத தாத்தா, பேத்தி சொன்னால் கேட்பார்.