மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் ஓட்டம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது என்று நாலு முறை தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து நிறுத்திவிடுகிறேன். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மனஉறுதி போதவில்லையா?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

மனஉறுதி உங்களிடம் நிறையவே இருக்கிறது. தினமும் ஓடுவதுதான் சிக்கல். இரண்டு வாரத்தில் மூச்சு ஓரளவு பழகிவிடும். எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது. சுமை கூடினால் உடல் முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி இறுக மாதங்கள் பிடிக்கும். ‘இப்போது நன்றாக ஓட வருகிறதே’ என்று நீங்கள் வேகம் கூட்டுகிற நேரத்தில் கால் எலும்பு பலம் குறைந்து நிற்கிறது.

வாரம் மூன்று நாள் போதும், இடையே ஒருநாளாவது விட்டு. பத்து நிமிடம் நடங்கள். பிறகு இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுச் சுற்று. இரைப்பு வருமுன்பே நடைக்கு மாறிவிட வேண்டும். ஓடிக்கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டலாம். நாலாவது வாரம் மட்டும் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். நன்றாக இருக்கும்போது குறைக்க மனசு வராது, ஆனாலும் குறையுங்கள்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அவர் சொன்ன ‘வாரம் 100 மைல்’ மட்டும் ஊரெல்லாம் பரவியது. திணறாமல் பழகுங்கள் என்று அவர் வற்புறுத்தியதைப் பலர் விட்டுவிட்டார்கள்.

உங்கள் ஊர் வெயிலில் ரத்தம் தோலைக் குளிர்விக்கவும் போயாக வேண்டும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். சித்திரை, வைகாசியில் வேகம் குறைந்தால் குறையட்டும். காலையில் எழுமுன் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடி எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்று நடை மட்டும்.

இப்போதுள்ள வலி அடங்கிய பிறகே தொடங்குங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் தணியும். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மட்டும், நடந்தாலும் படுத்தாலும் வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.