மாத்திரையும் மதியச் சோறும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும்) என்று கண்டறிந்து, மெல்லக் கரையும் மெதில்ஃபெனிடேட் 10 மில்லிகிராம் மாத்திரையை ஒரு மாதமாகக் காலை எட்டு மணிக்குக் கொடுத்து வருகிறோம். வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறான் என்று டீச்சர் சொல்கிறார். ஆனால் மதியச் சோறு அப்படியே திரும்பி வருகிறது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அழுகிறான், தம்பியை அடிக்கிறான். மருந்துக்கடையில் சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டதைப் பார்த்த மாமியார், "இது போதை மருந்து, நிறுத்து" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. முதல் மாதத்தில் பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்லும் குறைகள் இவை இரண்டும்தான். இவ்வகை மாத்திரை ஏறத்தாழ 8 மணி நேரம் வேலை செய்யும். ஆகவே அதன் வலு ஓங்கியிருக்கும் வேளையில் மதியச் சாப்பாடு வருகிறது. அது இறங்கும் வேளையில் பிள்ளை வீட்டுப்படி ஏறுகிறான். அதுவரை அடங்கியிருந்த பசியும் மருந்து இறங்கும்போது வரும் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, அடி தம்பிக்கு விழுகிறது.

மதியத்தோடு மல்லுக்கட்டாமல் காலையையும் மாலையையும் கனமாக்குங்கள். மாத்திரைக்கு முன்பே புட்டும் பயறும் ஏத்தம்பழமும் வயிற்றுக்குள் போய்விடட்டும். மாலையில் வந்தவுடன் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமல், இரண்டு மட்டிப்பழத்தைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் முற்றத்தில் விடுங்கள். இரவில் மறுபடி பசித்தால் சோறும் மீன்கறியும் கொடுப்பதில் தவறே இல்லை.

மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் ஒரு தாய், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார்: "இட்லி 4. மாத்திரை 8.10. சோறு பாதி. அழுகை 4.40. தூக்கம் 10.45." ஐந்தாறு தாள்களைப் பார்த்தாலே, நேரத்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, அட்டோமாக்செட்டின் போன்ற வேறு மருந்துக்குப் போவதா என்று எனக்குப் பிடிபட்டுவிடும். "பரவாயில்லை டாக்டர்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் இதைச் செய்ய முடியாது. எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே இதயக் கோளாறோ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

மாமியார் கண்டது சரி. எடுத்த முடிவுதான் சரியில்லை. இம்மருந்து, கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்கான 'எக்ஸ்' அட்டவணையில் இருப்பதால் தனி உரிமம் பெற்ற கடைகளே விற்கலாம். சீட்டின் ஒரு படியை அவர்கள் 2 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். பெரியவர்கள் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. சொன்ன அளவில் விழுங்கும் பிள்ளைக்கு இதில் கிறக்கம் இல்லை. இது தூக்க மாத்திரையும் அல்ல. ஆனால் பிள்ளை சிரிப்பை மறந்து பொம்மைபோல் உட்கார்ந்திருந்தால், அதை 'அடக்கம்' என்று மெச்சிவிடாதீர்கள். பெரும்பாலும் அளவு கூடிவிட்டதன் அடையாளம் அது. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: மே மாத விடுமுறைக்கு மனைவியும் மகளும் துபாய்க்கு என்னிடம் வருகிறார்கள். மகளும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள். லீவு நாட்களில் நிறுத்தலாமா? கையில் கொண்டுவரலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: மெதில்ஃபெனிடேட் கொடுத்த அன்றே வேலை செய்து அன்றே இறங்கிவிடுவதால், எடை ஏறாத பிள்ளைகளுக்குச் சில மருத்துவர்கள் விடுமுறையில் இடைவெளி விடுவதுண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மகளைப் பார்க்கும் மருத்துவர். சாலையைப் பாராமல் ஓடும் பிள்ளைக்கு லீவு நாளும் பள்ளி நாளும் ஒன்றுதான். அட்டோமாக்செட்டின் கதை வேறு. அதன் முழுப் பலன் தெரியவே 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால் இடையில் விட்டு விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மெதில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்று, சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் சேர்த்து, மாத்திரையை அதன் அட்டையோடும் டப்பாவோடும் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். ஊறுகாய்ப் பொட்டலத்தோடு பெட்டிக்குள் திணித்துவிட வேண்டாம்.