வெயில் அதிகமானால் செடிக்குத் தெரியுமா? எப்படித் தப்பிக்கிறது?

தெரியும், அதுவும் சில நொடிகளிலேயே.

"வெளிச்சம்தானே செடிக்குச் சாப்பாடு, கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு அளவு வரைதான். உச்சி வெயிலில் இலை மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் சர்க்கரை தயாரிக்கச் செலவழிக்க முடியும், ஆனால் பச்சையம் வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். செலவாகாத ஆற்றல் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குப் போய்விட்டால் அந்த ஆக்சிஜன் புரதங்களையும் சவ்வுகளையும் சிதைக்க ஆரம்பித்துவிடும். அதிகம் அடிவாங்குவது ஒளிச்சேர்க்கைக்கு அவசியமான டி1 என்ற புரதம். சிதைந்ததைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்து பொருத்தும் வேலை பகல் முழுக்க நடக்கிறது.

சரி, எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பசுங்கணிகத்துக்குள் (செல்லுக்குள் பச்சையம் இருக்கும் உறுப்பு) இருக்கும் நுண்ணிய பைகளில், அமிலத்தன்மையைத் தரும் புரோட்டான்கள் சேரும். வேலை நடக்கும் வேகத்தைவிட ஒளி அதிகமாக வந்தால் அங்கே அமிலத்தன்மை ஏறிவிடும், அதுதான் எச்சரிக்கை. உடனே ஒரு நொதி விழித்துக்கொண்டு வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை ஜியாசாந்தினாக மாற்றுகிறது (மக்காச்சோளத்தின் மஞ்சளிலும் நம் விழித்திரையின் நடுவிலும் இருக்கும் அதே பொருள்). இதுவும் பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் சேர்ந்து மிச்ச ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற வைக்கின்றன.

இதில் என்னை மிகவும் கவர்வது இதன் இன்னொரு பக்கம். இந்த ஏற்பாடு சட்டென்று வேலையைத் தொடங்கிவிடும், ஆனால் மேகம் மறைத்த பிறகு முழுதாக அடங்கப் பல நிமிடங்கள் ஆகும், அதுவரை தனக்குத் தேவைப்படும் ஒளியையும் இலை வெப்பமாக வீணாக்கிக்கொண்டிருக்கும். 2016இல் அமெரிக்காவின் இல்லினாய், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையிலையில் மூன்று மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டி இதைச் சீக்கிரம் அடங்க வைத்தார்கள். வயலில் செடிகளின் எடை ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது! தற்காப்புக்காகச் செடி எவ்வளவு விளைச்சலை விட்டுக்கொடுக்கிறது பாருங்கள்.

அப்புறம், பசுங்கணிகங்களே இடம் மாறும். போட்டோட்ரோபின் 2 என்ற புரதம் பலமான நீல ஒளியை உணர்ந்ததும் அவை செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டிப் போய், ஒன்றின் நிழலில் ஒன்று நின்றுகொள்ளும். பசுங்கணிகங்கள் இப்படி நகர முடியாத அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் அதிகம் பயன்படுத்தும் ஒரு சிறு செடி) செடிகள் பலமான ஒளியில் அதிகம் சேதமாவதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

புற ஊதாக் கதிருக்குத் தனி உணரி, யுவிஆர்8. இரட்டையாக ஒட்டியிருக்கும் இந்தப் புரதம் கதிர் பட்டதும் இரண்டாகப் பிரிந்து, ஃபிளேவனாய்டுகள் என்ற பொருட்களைத் தயாரிக்கச் சொல்கிறது. அவை இலையின் மேல்தோலில் சேர்ந்து கதிரைத் தடுக்கும். ஆனால் இது தேவையான அளவு சேரவும், வெயிலுக்கு ஏற்ற தடித்த இலைகள் வரவும் நாட்கள் பிடிக்கும். நர்சரியில் நிழல் வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை வாங்கிவந்து நேராக மொட்டை மாடியில் வைத்தால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை வெளுத்துத் தீய்ந்துபோவது இதனால்தான். ஒரு வாரமாவது காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். தீய்ந்த இடம் மறுபடி பச்சையாகாது, அதற்காக உரத்தைக் கொட்ட வேண்டாம். புதிதாக வரும் இலை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.